வேனில் இரண்டாவது பேட்டரி

வாடகை வேன் ஓட்டுகிற குடும்பத்தில் ஒருவர் துணிச்சல்காரராக இருந்தால் இன்னொருவர் பயந்தாங்கொள்ளியாக இருந்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் ஸ்டியரிங் அவருக்கு, பயம் எனக்கு.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வீடு தென்னூரில். எழுபதுகளின் பாதியில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய வேன் வாங்கினார். பின்பக்கத்து சீட்டுகளைக் கழற்றி இரண்டு நீளப் பலகைகள் அடித்தார். படுக்கலாம், உட்காரலாம். ஒரு தண்ணீர் டிரம், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், கூரையில் ஒரு குழல் விளக்கு, ஒரு சின்ன ஃபேன். வேளாங்கண்ணி, பழனி, ராமேஸ்வரம், திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்கள் என்று யார் கூப்பிட்டாலும் போவோம். மூன்று நாள், நாலு நாள் அந்த வண்டியே எல்லோருக்கும் வீடு. பெண்கள் வரும் பயணங்களில் துணைக்கு நானும் போவேன்.

வண்டி வைத்திருக்கிறவர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு நான் எழுதுவது புரியும். அவர்கள் கிளம்பிப் போனபின் நாம் எதையெல்லாம் நினைத்துப் பயப்படுகிறோம்! பிரேக், டயர், தூக்கம், எதிரே வரும் லாரி. என் வீட்டுக்காரரின் கண்ணுக்கு ஆபத்து இவை எதிலிருந்தும் வரவில்லை. ஒரு கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டியிலிருந்து வந்தது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தள்ளிக்கொண்டு போன யாத்திரை

ஆரம்பத்தில் வண்டிக்கு ஒரே பேட்டரிதான். வேளாங்கண்ணிக்குப் போன ஒரு பயணத்தில் வழியில் ஒரு கோயில் மைதானத்தில் தங்கினோம். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று விளக்கை எரியவிட்டார்கள், புழுக்கம் என்று ஃபேனையும் ஓடவிட்டார்கள். விடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை. பேட்டரியில் இருந்ததையெல்லாம் விளக்கும் ஃபேனும் குடித்துவிட்டிருந்தன.

பத்துப் பேரும் இறங்கித் தள்ளினார்கள். கரிச்சட்டியும் ஜெபமாலையுமாக நானும் தள்ளினேன். மூன்றாம் முறைதான் எஞ்சின் பிடித்தது. அந்தப் பயணத்தில் வந்த எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"மாதாவுக்கு நடந்து வர்றதா நேர்ந்துக்கிட்டவங்க உண்டு ரோசம்மா. தள்ளிக்கிட்டு வர்றதா நாங்க யாரும் நேர்ந்துக்கலையே."

வெளுத்த வேட்டி

ஊர் திரும்பியதும் என் வீட்டுக்காரர் இரண்டாவது பேட்டரி வாங்கிவிட்டார். எஞ்சினுக்கு ஒன்று, விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒன்று. பயணம் இல்லாதபோது இறக்கி வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாம்; அதற்காகக் கைப்பிடி வைத்தது. வண்டியில் அதைப் பலகைக்கு அடியில் சும்மா வைத்தார். கட்டவில்லை. கனமான பொருள்தானே, எங்கே போய்விடும் என்றார்.

வையம்பட்டி தாண்டி ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். பேட்டரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூடிகளின் வழியாக ஆசிட் கொஞ்சம் கசிந்தது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரின் வேட்டியில் ஈரம் பட்டது. தண்ணீர் என்றுதான் நினைத்தோம். கறை இல்லை, வாசனை இல்லை. அவரும் உதறிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

நாலு நாள் கழித்து வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். விரித்துக் காட்டினார். துவைத்த பிறகு நூல் இற்று, சல்லடை மாதிரி ஆகியிருந்தது. பருத்தித் துணியில் ஆசிட் பட்டால் அப்போது தெரியாது, துவைக்கும்போதுதான் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. புது வேட்டி எடுத்துத் தருகிறோம் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அடிச்சுத் துவைச்சுக் கிழிச்சுட்டான்னு என் சம்சாரத்தை ரெண்டு நாளா பேசிட்டேன். வேட்டி போகுதும்மா, நீங்க வந்து அவகிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க, நான் சொன்னா நம்ப மாட்டா."

சார்ஜ் கடையில் கேட்ட பாடம்

துணியை இப்படித் தின்கிற ஒன்று தோலை என்ன செய்யும், கண்ணை என்ன செய்யும் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கடை எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்தது. கடைக்கார பாய்க்கு என் வயதுதான் இருக்கும். பேட்டரியை நானே ரிக்‌ஷாவில் வைத்து எடுத்துப்போய், பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஏப்பம் விடும் என்றார். அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாது. வெளியே போக வழியிருந்தால் ஒன்றும் செய்யாது. மூடி வைத்த இடத்தில் சேர்ந்திருக்கும்போது ஒரு பொறி, ஒரு தீக்குச்சி போதும், வெடித்துவிடும். அதனால் பெட்டியில் வை, பெட்டிக்கு மேலாக ஓட்டை போடு, அந்த ஓட்டையை எதுவும் அடைக்காதே, பெட்டியை அசையாமல் கட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து எந்த இரும்பும் படவிடாதே, கிட்டத்தில் நெருப்பு கொண்டுவராதே. தரையில் கொட்டினால் சமையல் சோடா போடு. உடம்பில் பட்டால் தண்ணீர். கண்ணில் பட்டால் வெறும் தண்ணீர் மட்டும், வேறு எதையும் போடாதே.

எனக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இப்படிக் கேட்டிருந்தால் எட்டாவது வரையாவது போயிருப்பேன். கண்ணில் பட்டால் பக்கத்தில் டாக்டர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கடைசியாகக் கேட்டேன்.

"டாக்டரை அப்புறம் தேடும்மா, முதல்ல தண்ணியைத் தேடு. டாக்டர் அங்கேயேதான் இருப்பாரு, கண்ணு இருக்காது."

பெட்டியும் சட்டங்களும்

ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் ஒரு பெட்டி செய்தேன். மேல் விளிம்பில் சுற்றிலும் விரல் நுழைகிற ஓட்டைகள். உள்ளே ரப்பர் விரிப்பு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அதை வைத்து, பழைய சைக்கிள் டியூப்பால் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினேன். வண்டி ஓடும்போதே இந்தப் பேட்டரிக்கும் சார்ஜ் ஏறும்படி என் வீட்டுக்காரர் ஒயர் இழுத்துவிட்டார். அது நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும், அப்படியானால் இது வழியெல்லாம் ஏப்பம் விடும் என்று தோன்றியது.

சட்டங்கள் கூடிக்கொண்டே போயின. ஸ்டவ்வை வண்டிக்குள் பற்றவைக்கக் கூடாது. பீடி கூடாது. பெட்டிமேல் துணி போடக் கூடாது. டிரம்மில் எப்போதும் பாதிக்குமேல் தண்ணீர் இருக்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சமயபுரத்துக்குப் போன ஒரு பயணத்தில், நான் பூ வாங்க இறங்கிய நேரத்தில் ஒரு பெண் பெட்டியின் மூடியைத் திறந்து, சமமான இடம் என்று எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தை உள்ளே பேட்டரியின் தலையில் வைத்துவிட்டாள். நீலமாகப் பொறி பறந்தது. பாத்திரத்தின் அடியில் இரண்டு இடத்தில் கருகிய பள்ளம். நல்லவேளை, வண்டி நின்று நெடுநேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நான் மூடிக்குக் கொக்கி போட்டேன், பேசுவதும் இரண்டு மடங்கு ஆனது. கிராக்கிகள் என்னை ‘பேட்டரி அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. வண்டியைப் பேசி முடிக்க வந்தவர்களிடம் என்னை வைத்துக்கொண்டே சொன்னார்:

"வண்டியில பேட்டரிக்கு ஒரு சீட்டு, பேட்டரியைப் பார்த்துக்கிட்டு வர்ற இவளுக்கு ஒரு சீட்டு, மிச்சத்துல நீங்க உட்காரலாம்."

பெட்டிமேல் பெருமாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வைணவத் தலங்களுக்கு நாலு நாள் பயணம். அவர்களுக்குத் தலைவி கோமளம் மாமி. அறுபது வயது. மடிப் புடவையைக் கொம்பால் எடுத்துத்தான் கட்டிக்கொள்வார். தளிகை, அதாவது சமையல், அவர் கையால்தான். காவிரித் தண்ணீர் தவிர வேறு தண்ணீரை வாயில் வைப்பதில்லை என்பதால், ஒரு பெரிய பித்தளைக் குடம் நிறைய எடுத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி, வண்டியில் ஒரு மூலையில் வைத்திருந்தார். என் முந்தானைகூட அதன்மேல் படக்கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். நான் தப்பாக நினைக்கவில்லை. சட்டம் போடுகிறவளுக்கு இன்னொருத்தியின் சட்டம் புரியும்.

வண்டி கிளம்பும்முன் பார்த்தால், என் தேக்குப் பெட்டியின்மேல் ஜரிகைப் பட்டுத்துணி நாலு பக்கமும் தொங்க விரித்திருந்தது. அதன்மேல் பெருமாள் படம், துளசி மாலை, ஒரு சின்ன நெய் விளக்கு. அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியிருந்தது. ஓட்டைகள் எல்லாம் பட்டுக்குள். துணியை எடுங்கள், அங்கே விளக்கு கூடாது என்றேன். பேட்டரி, காற்று, ஏப்பம் என்று நான் சொல்லச் சொல்ல, எட்டுப் பேரும் என் கழுத்தில் தொங்கிய சிலுவையைத்தான் பார்த்தார்கள். மாமி கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் ஆழமாகப் பட்டது.

"நீ உங்க சாமியைக் கும்பிடறே, நாங்க ஒண்ணும் சொல்லலையே. எங்க பெருமாள் ஒரு ஓரமா, ஒரு சாண் இடத்துல இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

கோவில்பட்டிக்கு இந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் என்னை இறக்கி, வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், வாயை மூடிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொண்டார். ஊரில் நாலு விதமாகப் பேசுவார்கள், அப்புறம் ஸ்ரீரங்கத்திலிருந்து யாரும் நம் வண்டியைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். மூடிக்கொண்டேன். வண்டி ஓடும்போது விளக்கை ஏற்றமாட்டார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரம்மைக்கூடப் பார்க்கவில்லை. என் சட்டங்களின்மேல் எனக்கே வெறுப்பு வந்திருந்தது.

நாலாம் நாள் திரும்பி வருகிறோம். சித்திரை வெயில். காலை முழுக்க நிற்காமல் ஓடி, நடுப்பகலில் கோவில்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் கரிசல், ஒரு கிணறு கண்ணில் படவில்லை. ஸ்டவ்வை வெளியே வைத்து மாமி தளிகை பண்ணினார். சாப்பிடுமுன் பெருமாளுக்குக் காட்ட வேண்டும் என்று உள்ளே ஏறிப் பெட்டிமேல் நெய் விளக்கை ஏற்றினார். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் உள்ளே ஏறினார்கள். ஃபேன் சுற்றவில்லை. ஒயர் நழுவியிருக்கும், பார்க்கிறேன் என்று வீட்டுக்காரர் உள்ளே போனார். மாமி படத்தையும் எரிகிற விளக்கையும் எடுத்து, ஒரு முழம் தள்ளிப் பலகையில் வைத்தார். வீட்டுக்காரர் பட்டுத்துணியை விலக்கிக் கொக்கியைக் கழற்றினார்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிவது தெரிந்தது. ‘விளக்கை அணைங்க’ என்ற இரண்டு வார்த்தை தொண்டைக்கு வந்தது. அன்றைக்கு எட்டுப் பேர் பார்த்த பார்வையும் கூடவே வந்தது. விழுங்கிவிட்டேன்.

மூடி திறந்தது. பட்டாசுபோல ஒரே சத்தம். பேட்டரியின் தலை பிளந்து ஆசிட் அவர் முகத்தில் அடித்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தார். நான் டிரம்முக்கு ஓடினேன். குழாயைத் திறந்தால் இரண்டு குவளை வந்து நின்றுவிட்டது. காலையில் பாத்திரம் கழுவியதில் தீர்ந்திருந்தது. யாரோ சமையல் சோடாவோடு வந்தார்கள். கண்ணில் அதைப் போடாதீர்கள் என்று கையைத் தட்டிவிட்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தண்ணீர், தண்ணீர் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

திரும்பிப் பார்த்தால் கோமளம் மாமி குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறார். துணி முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். என்னை என் வீட்டுக்காரரின் தலையைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, மண்ணில் மண்டிபோட்டு, தன் கையாலேயே அவருடைய இமையை விரித்து, நூல் இழுத்த மாதிரி சீராக ஊற்றினார். என் கை, அவர் முகம், மாமியின் மடிப் புடவை, எல்லாவற்றின்மேலும் காவிரி ஓடியது. அவர் வலி தாங்காமல் முகத்தைத் திருப்பியபோது மாமி சொன்னார்:

"மூடாதேங்கோ. எரிஞ்சாலும் திறந்தே வெச்சுண்டிருங்கோ. பாதிக் குடம் இன்னும் இருக்கு."

தாகம்

அந்த வழியாக வந்த லாரியிலிருந்து ஒருவர் இறங்கி எங்கள் வண்டியை மதுரைவரை ஓட்டி வந்தார். வழியில் ஒரு டீக்கடையில் இரண்டு வாளி வாங்கி, மதுரை போகும்வரை ஊற்றிக்கொண்டே வந்தோம். கண் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, முதலில் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். நான் மாமியைக் காட்டினேன். வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, இடது கண் இந்த அளவுக்குத் தப்பியதே அந்தத் தண்ணீரால்தான் என்றார்.

மாமி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. குடம் காலி. கோவில்பட்டியிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. சோடா வாங்கி வந்தேன், வேண்டாம் என்றார். குழாய்த் தண்ணீரை அவர் வீட்டு மனிதர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள், அதற்கும் தலையாட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனையையும் எங்களுக்காக மண்ணில் ஊற்றிவிட்டீர்களே, இப்போது மட்டும் என்ன என்று கேட்டேன். வாசலில் இளநீர்க்காரர் வந்தபிறகுதான், உதடு படாமல் தூக்கி இரண்டு காய் குடித்தார். அதற்குமுன் என்னிடம் சொன்னது இதுதான்:

"அங்கே ஊத்தினது ஆபத்துக்கும்மா. எனக்கு இப்போ ஆபத்து ஒண்ணும் இல்லையே, தாகம்தானே."

மறுபடியும் ஸ்ரீரங்கம்

ஆறு மாதம் என் வீட்டுக்காரர் வண்டியைத் தொடவில்லை. இடது கண்ணில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை தங்கிவிட்டது. மங்கலாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். வண்டியை விற்றுவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாமியிடமிருந்து ஆள் வந்தது. அதே எட்டுப் பேர், அதே வண்டி, இந்தத் தடவை கும்பகோணம் பக்கம்.

நான் முதலில் தனியாக ஸ்ரீரங்கம் போனேன். அவர்கள் வீட்டு வாசற்படியில் நின்று, அன்றைக்கு விளக்கு எரிவதைப் பார்த்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூட அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. ஏற்றினது நான்தானே என்றார் மாமி. சொல்கிறவள் யார் என்று பார்த்தேனே தவிர, சொன்னதைக் கேட்டுக்கொள்ளவில்லை என்றார். அவருக்கும் ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே போய், பெருமாள் படத்துக்கென்று மூங்கிலில் பின்னிய ஒரு புதுத் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதை வண்டியில் எதிர்ப்பக்கம் மாட்டிக்கொள்ளலாம், விளக்கைக் கீழே இறங்கித் தரையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவரே திட்டம் போட்டு வைத்திருந்தார். குடம் இனிமேல் இரண்டு வரும் என்றும் சொன்னார். ஒன்று குடிக்க, ஒன்று பேட்டரிக்கு.

நான் கிளம்பும்போது பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

"ஆனாலும் ஒரு தடவை சொன்னதோட விட்டுட்டியே ரோசம்மா. எனக்கு எதையும் நாலு தடவை சொன்னாத்தான் ஏறும்னு எங்காத்துல குழந்தைக்கும் தெரியுமே."

அதிலிருந்து நான் வண்டியில் ஏறுகிறவர்களிடம் எதையும் நாலு தடவை சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது தடவை சொல்ல வாயைத் திறக்கும்போது என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்குக்கு மேலே உள்ள கண்ணாடி வழியாக அந்த இடது கண்ணால் என்னைப் பார்ப்பார்; எத்தனை மங்கலாகத் தெரிகிறேனோ! அந்த ஐந்தாவதையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.